எதிர்வீட்டைப் பார்த்து மாட்டிய படம்

சித்திரை 26, வியாழன்

அனல். இலை அசையவில்லை. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

காலை பஸ்ஸில் சங்கரன் வந்துவிட்டான். மகன் வயிற்றுப் பேரன், மெட்ராஸில் படம் போடும் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். ஆள் மெலிவு. தலைமுடி காதை மூடுகிறது. ஒரு பெட்டி. அது போக ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் இழுத்து ஆணி அடித்த துணி. பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்திருக்கிறான்.

கண்டக்டர் கேட்டானாம், "என்ன தம்பி, கட்டிலா?" இவன் சொன்னானாம், "ஆமாண்ணே, படுத்தா எந்திரிக்க முடியாது."

பரீட்சைக்குக் கொடுக்க வேண்டிய படமாம். இங்கே வைத்துத்தான் போட வேண்டுமாம். "அங்க ஒரு ரூம்ல மூணு பேரு கெடக்கோம் ஆச்சி. கைய நீட்டுனா அடுத்தவன் மூக்குல இடிக்கும்." பழைய மாட்டுத்தொழுவை ஒழித்துக் கொடுத்தேன். மாடு இல்லாமல் அது சும்மாதான் கிடக்கிறது.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். எல்லா வீட்டிலும் தலை நீட்டிப் பார்த்தார்கள். எனக்கு மேளம் வைத்துக் கூட்டி வந்த மாதிரி இருந்தது. எங்கள் கூட்டத்தில் மெட்ராஸுக்குப் படிக்கப் போனவன் இவன் ஒருத்தன்தான்.

எ.வீ.யும் பார்த்தான். அவன் பேரை எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. எதிர்வீட்டான், எ.வீ., அது போதும். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். பங்காளி. என் தாலியை எடுத்தவன்.

நாளைக்கு: உளுந்து வெயிலில் போட. மகன் முத்தையா சட்டைக்குப் பித்தான். பல்பொடி.


சித்திரை 27, வெள்ளி

காலையில் கோயில். கூட்டம் இல்லை. புற்றுமண் கொஞ்சம் எடுத்து முடிந்து வந்தேன், மருமகள் பார்வதிக்குக் காலில் சொறி.

சங்கரன் துடைக்கத் துணி கேட்டான். என் பழைய வெள்ளைச் சேலை இரண்டைக் கிழித்துக் கொடுத்தேன். தொழு முழுக்க ஒரு வாடை. ஆளிவிதை எண்ணெயாம், அதில்தான் சாயத்தைக் குழைக்கிறான். எனக்குப் பழைய மீன் சட்டி மாதிரி இருக்கிறது.

தூரிகை வைத்து மூக்கு முழி எழுதுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. சின்னக் கரண்டி மாதிரி ஒரு கத்தி. சாணி அப்புகிறது போல அப்புகிறான், சுரண்டுகிறான், மறுபடி அப்புகிறான். பின்னால் போய் நின்று பார்க்கிறான். ஓடிவந்து ஒரு இழுப்பு. வேர்த்துக் கொட்டுகிறது பிள்ளைக்கு.

"என்ன சாமி மக்கா இது?"

"சாமி இல்ல ஆச்சி."

"பின்னே?"

"ஒண்ணும் இல்ல. வெறும் கலர்தான்."

வெறும் கலருக்கா இவனை அஞ்சு வருஷம் அனுப்பினோம் என்று முத்தையா சாப்பிடும்போது முனகினான். தாலுகா ஆபீசில் பேனா பிடிக்கிறவனுக்கு வேறென்ன தெரியும். என் மகன்தான், ஆனாலும் சொல்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பில் பரிசு வாங்கியவள். அந்தத் தலை பேரனுக்குத்தான் வந்திருக்கிறது.


சித்திரை 29, ஞாயிறு

விளக்கு வைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் மோர் கொண்டு தொழுவுக்குப் போனேன். வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் ஒரு நிமிஷம் இருட்டி, அப்புறம் தெளிந்தது. எதிரே படம். மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதுதான். அந்த நாள்தான். ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, இரத்தம் கட்டின மாதிரி. அதைக் கிழித்துக்கொண்டு மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே வெள்ளை, பார்க்க முடியாத வெள்ளை. ஓரங்களில் கறுப்பு உருண்டு உருண்டு வருகிறது. எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தபோது நான் பார்த்தது அப்படியே.

சங்கரனுக்கு அப்போது ரெண்டு வயசு, என் இடுப்பில் இருந்தான். அழவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்து இத்தனை வருஷம் கழித்துக் கை வழியாக வருகிறது.

"இது படப்பு மக்கா. நம்ம படப்பு."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல ஆச்சி. சத்தியமா. நான் கலரத்தான் பாத்தேன்."

"உனக்கு ஞாபகம் இருக்கண்டாம். உன் கைக்கு இருக்கு."

அவன் கத்தியைத் துடைத்துவிட்டுச் செம்பை எடுத்தான். மோரைக் குடித்தான்.

என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்க்கத் தொழுவுக்குள் போனார்கள். படப்பு சரிந்து தொழுக் கூரையில் விழுந்தது. மாடு ரெண்டும் பிழைத்தது. அவுக பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நாலு நாள் வாழையிலையில் கிடந்தார்கள், அப்புறம் இல்லை.

யார் வைத்தது என்று ஊரில் எவனும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

— களச்சண்டை. ரெண்டு வீட்டுக்கும் ஒரே களம். மாசி மழை விட்ட மறுநாளே "எங்க முறை வந்தாச்சு, களத்த விடுங்க" என்று வந்து நின்றான். அவுக ரோஷத்தில் அன்றைக்கே வைக்கோலை அள்ளி வீட்டுப் பின்னால் படப்பு போட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. பங்குனியில் தீ.

— தீ என்று முதலில் ஓடிவந்தவன் அவன். அவுகளை வெளியே இழுத்ததும் தான்தான் என்று சொல்லிக்கொண்டான். வைத்தவனுக்குத்தானே வழி தெரியும்.

— இடது முழங்கையில் தீத்தழும்பு. இன்றைக்கும் இருக்கிறது.

— சூடம் அணைக்கமாட்டேன் என்றான். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மேல் பழி வந்தால் தட்டில் சூடம் ஏற்றி, கோமதியம்மன் பேரைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அந்தக் கை விளங்காது. கருமாதி அன்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "சூடம் அணைச்சுக் காட்டுறதுக்கு நான் என்ன களவாணியா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இதற்கு மேல் என்ன வேண்டும்.


சித்திரை 31, செவ்வாய்

படத்தை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வாசல் கதவுக்கு நேர் எதிர்ச் சுவர். கதவைத் திறந்து வைத்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் எ.வீ. நடைக்கு நேராகத் தெரியும். காலை முதல் விளக்கு வைக்கிற வரை கதவை யாரும் சாத்தக்கூடாது என்று சொல்லியாகிவிட்டது.

சங்கரன் பதறினான். "இன்னும் காயல ஆச்சி. இந்த எண்ணெய் காய ஒரு மாசம் ஆவும். தூசி ஒட்டும்."

"ஒட்டட்டும்."

மாட்டும்போது ஒரு தகராறு. நான் சொன்ன மாதிரி முத்தையா மாட்டினான். சங்கரன் தலையில் கை வைத்தான், தலைகீழாம். மஞ்சள் கீழே இருக்க வேண்டுமாம்.

"எந்த ஊர்லலே தீ கீழ பாத்து எரியும்?"

"அது தீயே இல்ல ஆச்சி."

"உனக்கு என்ன தெரியும், நீ வரைஞ்சவந்தானே."

பார்வதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். கடைசியில் நான் சொன்னபடியே மாட்டியது. சங்கரன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "இப்படியும் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு போனான்.

வந்தவர் போனவர் சொன்னது:

பால்காரி: "வத்தல் காயப்போட்ட களமா ஆச்சி?"

மூணாம் வீட்டு வாத்தியார்: கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டு, "நவீனம், நவீனம்." வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

தபால்காரர்: "வெத்தலைய யாரு துப்புனது?" அவருக்கு இனி இந்த வீட்டில் தண்ணீர் கிடையாது.

எ.வீ. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருகிறவன், இன்று உட்கார்ந்தான், பார்த்தான், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். நான் உள்ளே இருந்து பார்த்தேன். இரவு ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.


வைகாசி 1, புதன்

காற்று கொஞ்சம். மேற்கே மலைப்பக்கம் மேகம், இங்கே ஒரு துளி இல்லை.

கோமதியம்மா கண்ணைத் திறந்துவிட்டாள்.

எ.வீ. பேத்திக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை. எலுமிச்சை மண்டிக்காரர் வீடு, நல்ல இடம். பார்வதி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கேட்டு வந்தாள். அவன் சின்ன மகன் கல்யாணத்தைத் திருச்செந்தூர் கோயிலில் வைத்து நாலு பேரோடு ஒப்பேற்றினானே, அது இந்தத் தடவை நடக்காதாம். மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம்: வீட்டு வாசலில் பந்தல் போட்டு முறைப்படி நடத்தணும். மூத்த பங்காளி வீட்டில் தட்டு வைத்து சம்மதம் வாங்காமல் பந்தக்கால் நடக்கூடாது. பங்காளிப் பகை உள்ள வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்கு எங்கள் பிள்ளைக்கு ஆகாது.

மூத்த பங்காளி வீடு இதுதான். தட்டை வாங்குகிற கை முத்தையாவுடையது. தலையசைக்க வேண்டியது நான்.

பார்வதியிடம் கேட்டேன், "அந்தப் புள்ள எப்படி?"

"தங்கமான பிள்ள அத்தை. அது என்ன செஞ்சுது பாவம்."

"என் மகன் என்ன செஞ்சான்? அப்பன் இல்லாம நின்னானே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நல்லது.


வைகாசி 3, வெள்ளி

பார்வதி ஒரு கூத்துப் பண்ணினாள். வெள்ளிக்கிழமை என்று எல்லாச் சாமி படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், கைவாக்கில் சங்கரன் படத்துக்கும் நடுவே ஒரு பொட்டு வைத்துவிட்டாள். ஈரச் சாயத்தில் குங்குமம் அப்பிக்கொண்டது. அழுகிற மாதிரி நின்றாள். சங்கரன் வந்து பார்த்தான். "இருக்கட்டும்மா, அந்த எடத்துல ஒரு சிவப்பு குறஞ்சுதான் இருந்துது" என்றான். அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா தெரியவில்லை. பொட்டு இப்போது அங்கேயே இருக்கிறது.

பத்து மணி போல் செல்லையா அண்ணாச்சி வந்தார். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர், ரெண்டு வீட்டுக்கும் பொது. எதற்கு வந்தார் என்று தெரியும். காபி கொடுத்துக் காத்திருந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினார். குருவிகுளம் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மாட்டை விற்கிறார்கள் என்றார். அப்புறம் படத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அவன் தட்டு கொண்டுட்டு வரணும்ங்கான் தாயி."

"வரட்டும்."

அண்ணாச்சிக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான். வரட்டும். கூட்டத்துல பத்துப் பேர கூட்டிட்டு வரட்டும். இந்த படத்துக்கு முன்னால நிக்கட்டும். சூடம் நான் வாங்கி வைக்கேன். அணைச்சுட்டு, தட்டக் குடுத்துட்டுப் போவட்டும்."

அவர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "இருவது வருசம் ஆச்சும்மா. அவனும் கெழவன் ஆயிட்டான். கை நடுங்குது."

"நடுங்கும்லா."

"அன்னைக்கே மாட்டேன்னவன் இன்னைக்கு அணைப்பானா?"

"அணைக்கலன்னா அவன் வாசல்ல பந்தல் கெடையாது. அவ்வளவுதான் அண்ணாச்சி."

அணைக்கமாட்டான். அவன் திமிர் எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லட்டும். கல்யாணம் நிற்கட்டும். ஏன் நின்றது என்று புளியங்குடி வரைக்கும் பேசட்டும். நான் இதற்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்று இன்று காலை கண்ணாடி பார்க்கும்போது தோன்றியது.


வைகாசி 5, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. அண்ணாச்சி வாசலில் நின்றே சொன்னார், உள்ளே வரவில்லை.

"வாரானாம். அணைக்கானாம். புதன்கிழம காலைல."

அவரே சொன்னார்: "பேத்திக்காக எதுவும் செய்வேங்கான்."

இதை நான் நினைக்கவில்லை. மாட்டேன் என்பான் என்று இருந்தேன். பேத்திக்காகப் பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்துவிட்டான். செய்யட்டும். அம்மன் பார்த்துக்கொள்வாள். எந்தக் கையால் வைத்தானோ அந்தக் கை அழுகட்டும். தாலி கட்டுகிற நேரத்தில் அட்சதை தூக்கமுடியாமல் விழட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

சங்கரனுக்கு அரசல்புரசலாகத் தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்தான்.

"என் படத்த வச்சா இத செய்யுதீங்க?"

"உன் படந்தான் எனக்குத் தைரியம் குடுத்துது."

"வியாழக்கெழமை நான் இத மெட்ராஸ்க்குக் கொண்டு போவணும் ஆச்சி."

"புதன் வரைக்கும் என்னது. அப்புறம் உன்னது."

அவனுக்குக் கோபம். எனக்கும்தான். ஆனாலும் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டான், சின்னப் பிள்ளையில் படுப்பது போல. முதுகைக் காட்டிக்கொண்டு.

வாங்க: சூடம், கட்டி பெரியது. வெற்றிலை. புது விரிப்பு.


வைகாசி 6, திங்கள்

வீடு முழுக்க ஒதுக்கினோம். புதன்கிழமை பத்துப் பேர் வருகிற இடம்.

தொழுவில் சங்கரன் துடைத்துப் போட்ட துணி ஒரு குவியல். தரையெல்லாம் பரத்திப் போட்டிருக்கிறான், சோம்பேறி. எண்ணெய் ஊறின துணி, வெந்நீர் அடுப்புப் பற்றவைக்க நன்றாக ஆகும், எறிவானேன். எல்லாவற்றையும் பொறுக்கி ரெண்டு சாக்கில் காலால் மிதித்து அமுக்கி, வாயைக் கட்டி மூலையில் வைத்தேன். தொழு பளிச்.

பார்வதி முறுக்கு சுற்றுகிறாள். எ.வீ. வந்தால் முறுக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறாள். அவனுக்கு இந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது என்றேன். மற்றவர்களுக்குத்தான்.


வைகாசி 7, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே பிடிபடும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தொழு வாசலில் நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்தேன். தொழுவுக்கு அந்த ஒரே வாசல்தான். ஜன்னல் இல்லை.

முதலில் வாடை. அந்த மீன் வாடைதான், ஆனால் கூடக் காரம். திரும்பிப் பார்த்தால் மூலையில் சாக்கு வாயிலிருந்து புகை. பார்க்கப் பார்க்கச் சாக்கின் வயிறு கறுத்து, நடுவில் சிவந்து, பொத்துக்கொண்டு நெருப்பு.

கத்தினேன். முத்தையா இன்றைக்கு லீவு, நல்லவேளை. சாக்கை மண்வெட்டியால் இழுத்து முற்றத்தில் போட்டான். பார்வதியும் சங்கரனும் தண்ணீர். அணைந்துவிட்டது. சுவரில் கரி, அவ்வளவுதான்.

நான் அப்போது என்ன சொன்னேன் என்றும் எழுத வேண்டும். "அவன்தான். ஆளை விட்டுட்டான். நாளைக்கு சூடம் அணைக்கணும்னு பயந்து மறுபடியும் வச்சுட்டான்." தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

பார்வதி வாளியைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, வாசல்ல நீங்கதான உக்காந்திருந்தீங்க. ஈ போனாலும் உங்களத் தாண்டித்தான போவணும்."

நான் கொட்டை எடுத்த புளி வாசலிலேயே கிடந்தது.

சங்கரன் தலையைச் சொறிந்தான். "நான் சொல்லியிருக்கணும். தப்பு எம்மேலதான். இந்த எண்ணெய் ஊறுன துணிய அமுக்கிக் கட்டி வச்சா தானாவே சூடு ஏறிப் பத்திக்கிடும் ஆச்சி. எங்க வாத்தியார் முத நாளே சொன்னது. அதான் பரத்திப் போட்டிருந்தேன்."

"தானா எப்படிலே பத்தும்? சும்மா கெடக்கது?"

"பத்தும். அந்த இன்னொரு சாக்குல கைய விட்டுப் பாருங்க."

இரண்டாவது சாக்கு புகையவில்லை, நெருப்பு இல்லை. வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். மேலே சும்மா. முழங்கை வரை போனதும் சுட்டது. சோற்றுப்பானைக்குள் கை விட்ட மாதிரி.

அப்போதுதான்.

இந்தச் சூடு என் கைக்குத் தெரியும். படப்பு போட்டு ரெண்டு வாரம் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கக் கையை உள்ளே விட்டபோது இதே மாதிரி சுட்டது. உள்ளே ஈரம். ஒரு வாடை, வெல்லம் காய்ச்சித் தீய்ந்த மாதிரி. அவுகளிடம் சொன்னேன். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

மாசி மழையில் நனைந்த வைக்கோல். ஒரு நாள்கூடக் காயவில்லை. மிதித்து மிதித்து ஏற்றினார்கள்.

சங்கரனிடம் கேட்கலாம், ஈர வைக்கோலும் இப்படிப் பற்றுமா என்று. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

பொழுது சாய்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது, சாத்தச் சொல்லவும் தோன்றவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று அதில் தீ தெரியவில்லை. சிவப்பு தெரிகிறது, மஞ்சள் தெரிகிறது. எ.வீ. முகமாக நான் பார்த்துவந்த இடத்தில் யாரும் இல்லை.

நூற்றில் ஒரு பங்கு அவன் வைத்திருக்கலாம். அந்த ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கப் பார்க்கிறேன். முடியவில்லை. தழும்பு, இழுத்த கையில் விழுந்த தழும்பாகவே தெரிகிறது.

அப்படியானால் நான் யார் மேல் கோபப்பட? மழை மேலா? என்னை விட்டுப் போன உங்கள் மேலா? ஏன் அன்றைக்கே அள்ளினீர்கள்? அவன் களத்தை விடு என்றால், ரெண்டு நாள் பொறுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் மீசை இறங்கிவிடுமா? ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் "அவன் களத்துல..." என்றுதான் முனகினீர்கள். நான் அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

உங்களைக் கோபித்து எனக்குப் பழக்கமில்லை. எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். சொல்லாமல் விட்டால் நாளை அவன் கை தீயில்.

அணைக்கட்டும். அவன் செய்யாதவன் என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. தீ கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். இருபது வருஷம் நான் சுட்டுக்கொண்டேன், அவன் ஒரு நொடி சுட்டுக்கொள்ளட்டும். இதில் என்ன தப்பு.


வைகாசி 8, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

காலையில் வந்தார்கள். எ.வீ., அவன் பெண்டாட்டி, மகன், அண்ணாச்சி, கூட்டத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள். நான் சொன்னபடி அவனைப் படத்துக்கு நேரே உட்காரவைத்தார்கள். கிட்டத்தில் அவனைப் பார்த்து எவ்வளவு காலம். பல் இல்லை. சட்டை தொளதொள.

அவன் பெண்டாட்டி மடியில் கை கோத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவன் படத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம். கழுத்தை அப்படி இப்படித் திருப்பி.

"இது யாரு போட்டது மதினி?"

இருபது வருஷத்தில் முதல் தடவை மதினி.

"பேரன்."

"அண்ணனப் பிடிச்சு வெளிய இழுக்கையில இப்படித்தான் இருந்துது. எது மேல எது கீழன்னு ஒண்ணும் தெரியல." சங்கரனைப் பார்த்து, "நீ சின்னப்புள்ளலா அப்ப" என்றான்.

சங்கரன் தலையைக் குனிந்துகொண்டான். இது தீ இல்லை என்று சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அண்ணாச்சி கைகாட்ட, பார்வதி சூடத்தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து ஏற்றினாள். பெரிய கட்டி. நானே பார்த்து வாங்கியது. சடசடவென்று பிடித்தது.

அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். மகன் தாங்கப் போனான், வேண்டாம் என்று தள்ளினான். கை நடுங்கியது. "கோமதியம்மா அறிய..." என்று ஆரம்பித்தான். குரலும் நடுங்கியது. திமிர் எங்கேயும் இல்லை. நான் வெட்டிப் போட நினைத்தவன் வேறு ஒருத்தன். இந்தக் கிழவன் அவன் பேத்திக்காக வந்திருக்கிறான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. அவன் கை இறங்குவதற்கு முன்னால் என் கை இறங்கிவிட்டது. உள்ளங்கையால் அடித்தேன். ஒரே அடியில் அணையவில்லை, பெரிய கட்டி. அழுத்திப் பிடித்தேன்.

"தம்பி வைக்கல. அம்மன் அறிய நான் சொல்லுதேன்."

சூடப் புகை படத்துப் பக்கம் போனது.

அண்ணாச்சி: "என்னம்மா இது. அணைக்க வேண்டியது அவன்லா."

"யாரு அணைச்சா என்ன. அணைஞ்சாச்சு. முத்தையா, தட்ட வாங்கு."

தலையசைத்தேன். முத்தையா வாங்கினான். எ.வீ. பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். முறுக்கு வந்தது. எல்லாருக்கும் கொடுத்தாள் பார்வதி, அவனுக்கும். நான் தடுக்கவில்லை. பல் இல்லாதவன் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கையில் கொப்புளம். புற்றுமண் குழைத்துப் போட்டிருக்கிறேன். சங்கரன் துணி கட்டிவிட்டான். அவன் கண் நிறைந்திருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நாளை படத்தைக் கட்டிக்கொண்டு போகிறான். கொண்டு போகட்டும். எந்தப் பக்கம் மேலே என்று அவனே முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

அவன் ஒருவேளை செய்யாதவன். சரி. களத்தை விட்டு விரட்டியவன் அவன்தான். அதற்குச் சூடம் கிடையாது, அணைக்கவும் முடியாது. அதை நான் விடப்போவதில்லை. கல்யாணத்துக்குப் போவேன், முன்வரிசையில் உட்காருவேன், பந்தியில் கை நனைக்கமாட்டேன்.

எல்லாரும் இறங்கின பிறகு அவன் மட்டும் நடையில் நின்றான். மெதுவாகக் கேட்டான்.

"எப்படி மதினி? இத்தன வருசம் இல்லாம, இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"போயிட்டு வாங்க" என்றேன்.

சொல்லவில்லை. சொல்லமாட்டேன். முத்தையாவும் பார்வதியும் சாக்கு எரிந்ததைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியாகிவிட்டது. ஏன் என்று தெரியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவனும் கொஞ்ச நாள் கிடந்து பார்க்கட்டும்.

விளக்கு வைக்கிற நேரம். தெருவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கேயே பார்க்கிறான். பார்க்கட்டும்.